“போதையை விட்டுவிட்டு வா” என்று சொல்லலாமா?

வீட்டிலும் சரி, மேடையிலும் சரி, பலரும் பேசத் தயங்குகிற ஒரு பொருளை இன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். எச்.ஐ.வி. தொற்றோடு வாழும் ஒருவர் ஹெராயின் போன்ற அபின் வகைப் போதைக்கும் ஆட்பட்டிருந்தால், அவருக்கு எப்படி மருத்துவம் பார்ப்பது? “முதலில் போதையை விட்டுவிட்டு வா, அப்புறம் எச்.ஐ.வி.க்கு மருந்து தருகிறேன்” என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு சொல்லால் போன உயிர்கள் எத்தனை? அது தவறு என்பதே இன்று என் வாதம். இரண்டு நோய்க்கும் ஒரே நேரத்தில், கூடுமானவரை ஒரே இடத்தில், மருந்து தர வேண்டும். ஒரு படி மேலே போயும் சொல்கிறேன்: இப்படிப்பட்டவருக்கு அபின் போதைக்கான மாற்று மருந்தே எச்.ஐ.வி. சிகிச்சையில் ஒரு பாதி.

இது எங்கோ தொலைவில் நடப்பது, நமக்கென்ன என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று முதன்முதலில் கண்டறிந்தது சென்னையில்தான். 1986ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டு உண்மை வெளியே வந்தது. பாலுறவின் வழியே பரவும் நோய் என்றுதான் நாடு அன்று அஞ்சியது. அஞ்சிய திசையில் மட்டுமல்ல, வேறொரு திசையிலிருந்தும் அது வந்தது, மணிப்பூரிலிருந்து. 1989 செப்டம்பர் வரை அங்கே ஊசி வழியாகப் போதை ஏற்றிக்கொள்பவர்களின் ரத்தத்தில் இந்த வைரஸ் தென்படவே இல்லை. அடுத்த ஆறே மாதத்தில் சோதிக்கப்பட்டவர்களில் பாதிப்பேரிடம் இருந்தது. ஆறு மாதம்! மியான்மர் எல்லையில் மோரே என்று ஓர் ஊர். பர்மாவை விட்டு வெளியேற நேர்ந்த தமிழர்கள் 1960களில் குடியேறி, அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் கட்டி, தமிழ்ச் சங்கம் வைத்து வாழ்கிற ஊர் அது. அந்த எல்லையைக் கடந்து வந்த ஹெராயினை மணிப்பூர் இளைஞர்கள் ‘நம்பர் ஃபோர்’ என்றார்கள். சரக்கு தாராளமாகக் கிடைத்தது, ஊசி கிடைக்கவில்லை. ஊசியோடு பிடிபட்டால் போலீஸ் என்ற பயம் வேறு. ஆகவே ஒரே ஊசி பல கைகளில் ஏறியது. ஒருவர் ரத்தம் அடுத்தவர் ரத்தத்தில் நேராகக் கலக்கிற இந்த வழியைப்போல் வைரஸுக்கு வசதியான வழி வேறு உண்டா?

சென்னைக்கே வருவோம். 1990களில் இங்கே பிரவுன் சுகர் என்ற ஹெராயினைப் புகைத்துக்கொண்டிருந்தவர்களில் ஒரு பகுதியினர் ஊசிக்கு மாறினார்கள். 2005, 2006ல் சென்னையில் ஊசி போட்டுக்கொள்பவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆய்வில் சேர்த்துத் தொடர்ந்து கவனித்தபோது, ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தது. அவர்களில் இறந்தவர்கள் எதனால் இறந்தார்கள் என்றும் ஆய்வாளர்கள் எழுதி வைத்தார்கள். முதலிடம் எய்ட்ஸுக்கு என்றுதானே நினைப்போம்? இல்லை. போதை அளவு மீறியதால் நேர்ந்த சாவுக்குத்தான் முதலிடம். எய்ட்ஸும் காசநோயும் அதற்குப் பின்னால்தான் வந்தன. இந்த வரிசையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எச்.ஐ.வி. மருந்தை மட்டும் கொடுத்து, போதையைப் பார்க்காமல் விட்டால், வைரஸிடமிருந்து காப்பாற்றிய அதே மனிதரை ஊசியிடம் இழக்கிறோம். போதையை மட்டும் பார்த்து வைரஸை விட்டால் நடப்பதைச் சொல்லவே வேண்டாம்.

சரி, போதையை விடு என்று சொன்னால் விட முடியாதா? மனம் இருந்தால் மார்க்கம் இல்லையா? இந்தக் கேள்வியை நான் ஒதுக்கவில்லை. பெற்ற தாயே இதைத்தான் கேட்கிறாள். அபின் வகைப் பொருள்கள் மூளையில் அவற்றுக்கென்றே அமைந்த ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்கின்றன. நாள்தோறும் அவை வந்துகொண்டிருந்தால் மூளை தன் கணக்கையே மாற்றி எழுதிக்கொள்கிறது. பிறகு ஹெராயின் உள்ளே போவது சுகத்துக்காக இல்லை, சாதாரணமாக எழுந்து நடமாடுவதற்காக. ஒருவேளை தவறினால் கொட்டாவி, மூக்கிலும் கண்ணிலும் நீர், கை கால் குடைச்சல், வயிற்றுப்போக்கு, தூக்கமே இல்லாத இரவு. இந்த வேதனையை மருத்துவமனையில் பத்து நாள் படுக்கவைத்துத் தாண்டவைத்துவிடலாம். தாண்டியதும் ஆள் குணமாகிவிட்டார் என்று மாலை போட்டு அனுப்புகிறோம். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. பல மாதம் பழகிய அளவைத் தாங்கும் சக்தி அந்தப் பத்து நாளில் உடம்பிலிருந்து போய்விடுகிறது, ஏக்கமோ போவதில்லை. வெளியே வந்து பழைய அளவையே ஏற்றிக்கொண்டால் மூச்சு நின்றுவிடுகிறது. சிகிச்சையை விட்டு வெளியேறிய முதல் நான்கு வாரத்தில் சாவு அதிகம் என்று நாட்டுக்கு நாடு ஆய்வுகள் சொல்வது இதனால்தான். சிறையிலிருந்து விடுதலையாகி வந்த முதல் வாரங்களிலும் இதே கதை.

அப்படியானால் வழி என்ன? வழி 1964லேயே தென்பட்டது. நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் ஆய்வகத்தில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரண்டு மருத்துவர்கள், ஹெராயினுக்கு ஆட்பட்டவர்களுக்கு மெத்தடோன் என்ற மருந்தை வாய்வழியாக நாளுக்கு ஒருவேளை கொடுத்தார்கள். ஹெராயினின் வேகம் சில மணி நேரத்தில் ஏறி இறங்கும். மெத்தடோன் ஒரு நாள் முழுதும் சமமாக நிற்கும். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அந்த மனிதர்கள் படிக்கவும் வேலைக்குப் போகவும் தொடங்கினார்கள். பிறகு வந்தது புப்ரெனார்ஃபின். அது ஏற்பியில் இறுகப் பற்றிக்கொள்ளும், ஆனால் அரைகுறையாகத்தான் தூண்டும். ஆகவே ஓர் அளவுக்கு மேல் கொடுத்தாலும் மூச்சை அடக்குவது அந்த வீதத்தில் கூடிக்கொண்டே போவதில்லை. 2005ல் உலக சுகாதார நிறுவனம் இந்த இரண்டையும் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, நாகோ என்று சொல்கிறோமே, அது 2007-08 வாக்கில் புப்ரெனார்ஃபின் மாற்று மருந்து சிகிச்சையைத் தன் திட்டத்துக்குள் கொண்டுவந்தது.

அந்தச் சிகிச்சை தரும் மையத்தில் என்ன நடக்கிறது என்று பலருக்குத் தெரியாது. காலையில் ஒருவர் வருகிறார். செவிலியர் அவருடைய அட்டையைப் பார்த்து, அன்றைய அளவுக்கு மாத்திரையை எடுத்துப் பொடியாக நசுக்குகிறார். அந்தப் பொடியை அவர் நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறார். விழுங்கக் கூடாது, பேசக் கூடாது, எச்சிலைத் துப்பக் கூடாது. அது கரையும்வரை சில நிமிடம் அங்கேயே இருக்க வேண்டும். பிறகு செவிலியர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறார். அவ்வளவுதான். எழுந்து வேலைக்குப் போகிறார். விழுங்கினால் வயிறும் கல்லீரலும் மருந்தின் பெரும்பகுதியை வீணாக்கிவிடும் என்பதால்தான் நாக்கடி. யாரும் எடுத்துப்போய் விற்காமலிருக்கத்தான் நசுக்குவது. இந்தச் சில நிமிடத்துக்குள் நான் சொல்கிற முழு வாதமும் அடங்கியிருக்கிறது. தேடினாலும் கிடைக்காத ஒரு நோயாளி, தினமும் தானாக நடந்து வந்து, ஒரு செவிலியர் முன்னால் உட்காருகிறார். அந்த நேரத்தில் எச்.ஐ.வி. மாத்திரையையும் ஒரு குவளைத் தண்ணீரையும் அவர் கையில் கொடுப்பதற்கு எது தடை?

உணர்ச்சியால் மட்டும் பேசுகிறேன் என்று எண்ணாதீர்கள். கணக்கு இருக்கிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2012ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரை, மாற்று மருந்தில் இருப்பவர்களுக்குப் புதிதாக எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு 54 சதவீதம் குறைவு என்றது. அதே இதழில் 2017ல் வந்த இன்னொரு தொகுப்பு சாவைக் கணக்கிட்டது: மெத்தடோன் எடுத்துக்கொண்டிருந்த காலத்தைவிட, விட்டுவிட்ட காலத்தில் இறப்பு மும்மடங்கு. ஏற்கெனவே எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு? 2016ல் வந்த தொகுப்பாய்வைப் பாருங்கள். மாற்று மருந்து பெறுவோர் எச்.ஐ.வி. சிகிச்சைக்குள் வருவது 69 சதவீதம் அதிகம். மாத்திரையைத் தவறாமல் சாப்பிடும் வாய்ப்பு இரண்டு மடங்கு. ரத்தத்தில் வைரஸ் அடங்கிப்போகும் வாய்ப்பு 45 சதவீதம் அதிகம். போதைக்கான மருந்து வைரஸை நேராகத் தொடுவதே இல்லை. ஆனாலும் வைரஸ் அடங்குகிறது. ஏன்? காலையில் கண் விழித்ததும் அடுத்த ஊசிக்குப் பணம் தேடி ஓடுகிறவருக்கு மாத்திரை நினைவிருக்குமா? அந்த ஓட்டம் நின்றால்தான் மற்ற எதற்கும் நேரம் பிறக்கிறது.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதல் எதிர்வாதம்: இது ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதைதானே? புப்ரெனார்ஃபினும் அபின் குடும்பத்து மருந்துதான். அதை மறைக்க வேண்டியதில்லை. அதை நிறுத்தினால் உடம்பு வருந்தும் என்பதும் உண்மை. ஆனால் உடம்பு ஒரு மருந்தை நம்பியிருப்பது வேறு, ஒரு மனிதர் தன் வாழ்க்கையையே ஒரு பொருளிடம் பறிகொடுப்பது வேறு. சர்க்கரை நோயாளி இன்சுலினை நம்பியிருக்கிறார், அவரை யாரும் அடிமை என்பதில்லை. பறிகொடுத்ததை மீட்டுத் தருகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஊசி நிற்கிறதா? திருட்டு நிற்கிறதா? பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப முடிகிறதா? இவற்றுக்கு ‘ஆம்’ என்று பதில் வருகிற இடத்தில், பெயரைச் சொல்லி மருந்தைப் பழிப்பது முறையாகாது. எத்தனை காலம் சாப்பிட வேண்டும் என்று கேட்பார்கள். சிலருக்கு ஓராண்டு ஈராண்டு, சிலருக்கு ஆயுள் முழுதும். எச்.ஐ.வி. மாத்திரையையும் ஆயுள் முழுதும்தானே கொடுக்கிறோம்?

இரண்டாவது எதிர்வாதம் மருத்துவர்களிடமிருந்தே வருவது: போதையில் இருப்பவர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட மாட்டார், அரைகுறையாகச் சாப்பிட்டால் வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும், ஆகவே கொடுக்காமல் இருப்பதே மேல். இதற்குக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் பதில் சொல்லிவிட்டது. அங்கே மருத்துவமும் மருந்தும் இலவசம். 3,000 பேருக்கு மேல் ஏழாண்டு பின்தொடர்ந்து 2008ல் வெளியிட்டார்கள்: எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து தொடங்கிய பிறகு, ஊசி போதைப் பழக்கம் இருந்தவர்களும் இல்லாதவர்களும் பிழைத்திருந்த விகிதத்தில் கணக்கில் கொள்ளும்படியான வேறுபாடு இல்லை. ஒழுங்கு என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதில் பாதி, மருந்து எட்டுகிற தூரத்தில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

மீதிப் பாதியைச் சொல்கிறேன், இதைச் செவிலியரும் மருத்துவ மாணவரும் கவனமாகக் கேட்க வேண்டும். நம் நாட்டில் எச்.ஐ.வி. உள்ளவரை அதிகமாகக் கொல்வது காசநோய். ஆகவே ஒருவரை எண்ணிப் பார்ப்போம்: எச்.ஐ.வி., புப்ரெனார்ஃபின் சிகிச்சை, கூடவே இப்போது காசநோய். மூன்றுக்கும் மூன்று கட்டடம். காசநோய்ப் பிரிவில் ரிஃபாம்பிசின் தொடங்குகிறார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதே என்று சொல்லி அனுப்புகிறார்கள். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிட்டு, புப்ரெனார்ஃபினை வேகவேகமாகக் கரைத்து வெளியேற்றிவிடும். ஒரு வாரம் பத்து நாளில், நேற்றுவரை போதுமானதாக இருந்த அளவு போதாமல் போகிறது. விடியற்காலையில் கொட்டாவி, குடைச்சல், குளிர். அவர் என்ன செய்வார்? இந்தக் காசநோய் மாத்திரைதான் காரணம் என்று கண்டுபிடித்து அதை நிறுத்துவார். அல்லது பழைய ஊசியைத் தேடிப் போவார். இப்போது அவரைப் பார்த்து மூன்று கட்டடத்திலும் என்ன எழுதுவார்கள்? ‘ஒத்துழைக்காத நோயாளி.’ மெத்தடோனில் இருப்பவருக்கு நெவிராபின், எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மாத்திரைகள் இதே வேலையைச் செய்து வந்தன. இன்று நம் கூட்டு மருந்தில் இருக்கும் டோலுடெக்ராவிர் மெத்தடோனோடும் புப்ரெனார்ஃபினோடும் மோதுவதில்லை. ஆனால் ரிஃபாம்பிசினோடு சேரும்போது அதை நாளுக்கு இருவேளையாகக் கொடுக்க வேண்டும். இவ்வளவையும் ஒரு மேசையில் உட்கார்ந்து பார்க்கிற ஒருவர் இருந்தால், புப்ரெனார்ஃபின் அளவை முன்கூட்டியே கொஞ்சம் ஏற்றி விஷயத்தை முடித்துவிடுவார். பார்க்க ஆளில்லாத குறைக்கு நோயாளியின் குணத்தைக் குற்றம் சொல்வது எந்த ஊர் நியாயம்?

மூன்றாவது எதிர்வாதம்தான் எல்லாவற்றிலும் வலுவானது: மாற்று மருந்து கள்ளச் சந்தைக்குப் போகாதா? போகும். 1990களில் சென்னையில் ஊசியாக ஏற்றிக்கொண்டதில் பெரும்பகுதி இதே புப்ரெனார்ஃபின்தான், மருந்துக்கடையில் வாங்கியது. அந்த வரலாற்றை வைத்துக்கொண்டு இந்த அச்சத்தைச் சிறுமைப்படுத்த முடியாது. ஆனால் அன்று நடந்தது சிகிச்சை இல்லாத விற்பனை. இன்று செவிலியர் கண் முன்னால் கரைகிற பொடி வேறு. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும்போது நலாக்சோன் என்ற அபின் முறிப்பு மருந்து சேர்த்த மாத்திரையைத் தரலாம். நாக்கடியில் வைத்தால் நலாக்சோன் வேலை செய்யாது, கரைத்து ஊசியில் ஏற்றினால் ஹெராயினுக்குப் பழகிய உடம்பை அது படாதபாடு படுத்திவிடும். பஞ்சாப் 2017 முதல் இந்தக் கலவை மருந்தைப் புறநோயாளி மையங்கள் வழியே கொடுத்துவருகிறது. கட்டுப்பாட்டை எவ்வளவு இறுக்குவது என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. தினமும் வந்து நில் என்ற விதி, கட்டட வேலைக்குப் போகிறவரின் கூலியைத் தின்கிறது. கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்ணை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. கொரோனா ஊரடங்கில் பல நாள் மருந்தைச் சேர்த்து வீட்டுக்குக் கொடுத்தார்கள். நிலைபெற்றுவிட்ட நோயாளிக்கு அந்த நம்பிக்கையைத் தொடர்வதே சரி.

மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கொடுமையான சாட்சி உண்டு. 2014ல் கிரிமியா உக்ரைன் கையிலிருந்து ரஷ்யாவின் கைக்குப் போனது. ரஷ்யாவில் மெத்தடோனுக்குத் தடை. கிரிமியாவில் மாற்று மருந்து பெற்றுவந்த சுமார் 800 பேருக்கு அது நின்றுபோனது. ஓராண்டு முடிவதற்குள் அவர்களில் 80 முதல் 100 பேர் இறந்துவிட்டதாக ஐ.நா.வின் எய்ட்ஸ் தூதராக இருந்த மிஷேல் கசாச்கின் அறிவித்தார். இதற்கு நேர்மாறான சாட்சியும் உண்டு. உக்ரைன், வியட்நாம், இந்தோனேசியா மூன்று நாட்டிலும், ஊசி போதையும் எச்.ஐ.வி.யும் உள்ள 502 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சேவை. மற்றதற்கு, கூடவே நடந்து வந்து எச்.ஐ.வி. மையத்துக்கும் மாற்று மருந்து மையத்துக்கும் வழிகாட்ட ஒரு துணை ஆள், ஆற்றுப்படுத்தும் பேச்சு, சிகிச்சையை உடனே தொடங்க ஏற்பாடு. புது மருந்து எதுவுமில்லை. 2018ல் முடிவு வந்தது: வழக்கமான சேவையில் 15 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், துணை கிடைத்தவர்களில் 7 சதவீதம். வைரஸ் அடங்கியவர்கள் அங்கே 24 சதவீதம், இங்கே 41. கைபிடித்துக் கூட்டிப்போக ஒரு மனிதர் இருந்ததற்கு இவ்வளவு விளைவு என்றால், இரண்டு சிகிச்சையையும் ஒரே வாசலுக்குள் வைத்தால் எவ்வளவு கிடைக்கும்!

சட்டம் குறுக்கே நிற்கிறதா? இல்லை. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம், தொற்று அபாயத்தைக் குறைக்கும் பணிகளுக்குப் பாதுகாப்புத் தருகிறது. புது ஊசி கொடுப்பதும் மாற்று மருந்தும் அதற்குள் வருகின்றன. பணம் குறுக்கே நிற்கிறதா? கூட்டு மருந்தை 2004 ஏப்ரலில் அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது, முதல் எட்டு மையங்களில் ஒன்று நம் தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை. அன்று முடியாது என்றார்கள், செய்து காட்டினோம். தேவை குறைந்துவிட்டதா? 2019ல் வெளியான தேசிய ஆய்வு, நாட்டில் ஊசி வழியாகப் போதை எடுப்பவர்கள் 8.5 லட்சம் பேர் என்றது. 2021 கணக்கின்படி இந்தியாவில் வயதுவந்தோரில் எச்.ஐ.வி. 0.21 சதவீதம், ஊசி போட்டுக்கொள்பவரிடையே 9 சதவீதம், மிசோரத்தில் பொது மக்களிடையிலேயே 2.7 சதவீதம்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். மருத்துவர்களே, எச்.ஐ.வி. மருந்து தொடங்குவதற்கு, போதை விட்டதற்கான சாட்சி கேட்காதீர்கள். அதே நாளில் மாற்று மருந்துக்கும் சீட்டு எழுதுங்கள். சுகாதாரத் துறையில் பொறுப்பில் இருப்பவர்களே, எச்.ஐ.வி. கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையமும் மாற்று மருந்து மையமும் காசநோய்ப் பிரிவும் ஒரே அட்டையில் மருந்து எழுத ஏற்பாடு செய்யுங்கள். அதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், ஓர் அறையும் ஒரு செவிலியரும் போதும். தாய்மார்களே, தந்தைமார்களே, உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், பூட்டி வைக்கிற இடத்தைத் தேடாதீர்கள். மாற்று மருந்து எங்கே கிடைக்கும் என்று மாவட்ட அரசு மருத்துவமனையில் போய்க் கேளுங்கள், முதல் நாள் அவனோடு நீங்களும் வந்து அந்த பெஞ்சில் உட்காருங்கள்.